இப்னு பதூதாவுக்குப் பிடிக்காத ஊர்கள்

எமது ஊர்களில் வெளிவரும் பள்ளிவாசல் சிறப்பு மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சமூக வரலாறு என்ற பெயரில் வரும் சிறுநூல்கள், இவற்றில் எதை எடுத்தாலும் முதல் பத்துப் பக்கங்களுக்குள் இப்னு பதூதா வந்துவிடுவார். 1344ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார்; கொழும்பிலே சுமார் 500 அபிசீனியரோடு ஜாலஸ்தி என்றோர் அதிகாரி இருந்ததைப் பதிவு செய்தார்; ஆகவே நாம் இங்கு பழையவர்கள். அவ்வளவுதான். கோட்டுக்குச் சாட்சி சொல்ல வந்தவரிடம் ஒரேயொரு கேள்வியைக் கேட்டுவிட்டு, "சரி, நீங்க இறங்கலாம்" என்று அனுப்பிவிடுகிற மாதிரி.

இந்தச் சாட்சி எப்படிப்பட்ட மனுசன்? எந்த ஊரைக் கண்டால் மனம் குளிருவார், எந்த ஊரில் மூக்கைப் பொத்திக்கொள்வார்? இதை நாம் கேட்டதில்லை. கேட்காமல் விட்டதால் அவர் எம்மைப் பற்றிச் சொன்னதில் பெறுமதியான பகுதி கைநழுவிப் போய்விட்டது என்பதுதான் என் குறை.

இதை எழுதத் தூண்டியது வேறொரு விஷயம். சென்ற ரமழானுக்கு முன் நண்பர் ஒருவர் தனது பயண நூலின் கையெழுத்துப் பிரதியைத் தந்து அணிந்துரை கேட்டார். மக்கா, மதீனா, இஸ்தான்பூல், கோலாலம்பூர். நல்ல தமிழ். ஆனால் 160 பக்கங்களில் ஓர் ஊர்கூட அவருக்குப் பிடிக்காமல் போகவில்லை. எல்லா ஊரும் அழகு, எல்லா மக்களும் அன்பானவர்கள், எல்லாச் சாப்பாடும் ருசி. நேரில் கதைக்கும்போது அப்படியில்லை. எட்டுப் பேரை ஓர் அறையில் அடைத்த உம்ராக் குழுத் தலைவரைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். 2002இல் அஜ்யாத் கோட்டையை இடித்துவிட்டு அந்த இடத்தில் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரத்தின் நிழலில் நின்றபோது கஃபாவே சின்னதாகிப் போன மாதிரி இருந்ததென்று சொல்லிக் கண் கலங்கினார். "இதெல்லாம் புத்தகத்தில எங்க?" என்று கேட்டேன். "எழுதினா சனம் என்ன சொல்லும்?" என்றார்.

சனம் என்ன சொல்லும் என்று கவலைப்படாத ஒரு பயணியை எமது மரபிலேயே தேடினேன். தூரம் போகத் தேவையிருக்கவில்லை.

இப்னு பதூதா 1304இல் தஞ்சாவில் பிறந்தவர். தஞ்சா என்பது மொரோக்கோவின் தன்ஜியர் துறைமுகம். 1325இல் ஹஜ்ஜுக்கென்று புறப்பட்டவர் 1349இல்தான் நாடு திரும்பினார். பிறகு அந்தலூஸ் போய் வந்து, 1352இல் ஸஹாராவைக் கடந்து மாலி தேசத்துக்கும் போனார். கடைசியில் சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி இவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்ற அந்தலூஸிய எழுத்தாளர் எழுதி, 1355 டிசம்பரில் ரிஹ்லா முடிந்தது. டமஸ்கஸ் வர்ணனையில் ஒரு பகுதி இப்னு ஜுபைரின் பழைய பயண நூலிலிருந்து எடுத்தது. சீனப் பகுதியில் எவ்வளவு தூரம் உண்மையில் போனார் என்பதிலும் ஆய்வாளருக்குச் சந்தேகம் உண்டு. நான் வாசித்தது கிப்பின் ஆங்கிலத்தையும், இந்தியா, மாலைதீவு, இலங்கைப் பகுதிகளுக்கு மஹ்தி ஹுஸைனின் மொழிபெயர்ப்பையும்தான். எனக்குத் தெரிந்த கிதாபு அரபியை வைத்துக்கொண்டு மூலத்தோடு மல்லுக்கட்டப் போகவில்லை.

மனுசன் ரோசக்காரர். புறப்பட்ட புதிதில் தூனிஸ் நகரத்துக்குள் நுழைகிறார். கூட வந்தவர்களை ஊரார் ஓடி வந்து ஸலாம் சொல்லி வரவேற்கிறார்கள். இவரை யாருக்கும் தெரியாது. இருபத்தொரு வயதுப் பிள்ளை, அடக்கமுடியாமல் அழுதுவிடுகிறார். அதைக் கண்ட ஒரு ஹாஜியார் கிட்ட வந்து ஸலாம் சொல்லி ஊருக்குள் போகும்வரை பேச்சுக்கொடுத்துக்கொண்டே வருகிறார். ரிஹ்லா முழுவதுக்குமான திறப்பு இந்த இடத்தில் இருக்கிறதென்று நினைக்கிறேன். யார் ஸலாம் சொன்னார், யார் சொல்லவில்லை என்ற கணக்கை இவர் முப்பது வருடமாக மனதில் வைத்திருந்தார்.

பிடிக்காததை ஒளிக்கவும் மாட்டார். செங்கடல் வாயிலிலுள்ள ஸைலா உலகத்திலேயே அழுக்கான, நாற்றம் பிடித்த ஊராம். மீன் வெடுக்கும், தெருவிலேயே அறுக்கும் ஒட்டகத்தின் இரத்தமும். கடல் கொந்தளித்துக் கிடந்தும் கரையில் படுக்காமல் கப்பலிலேயே இரவைக் கழிக்கிறார். எகிப்தின் மின்யாவில் குளிப்பிடத்தில் ஆண்கள் துணியில்லாமல் நிற்பதைக் கண்டு நேரே ஆளுநரிடம் போய் முறைப்பாடு. பஸராவில் கதீப் குத்பாவில் இலக்கணப் பிழை விடுகிறார், இவருக்குப் பொறுக்கவில்லை. அரபு இலக்கணம் பிறந்து வளர்ந்த ஊரில் இப்போது இலக்கணம் தெரிந்த ஒருவரும் மிச்சமில்லை என்ற பதில்தான் கிடைத்தது. இந்த ஒரு சம்பவம் பஸராவின் வீழ்ச்சியைச் சொல்லுகிற அளவுக்கு வரலாற்று நூல்கள் சொல்வதில்லை.

பிடித்தது? டமஸ்கஸ். எல்லா நகரங்களுக்கும் மேலாக அதை வைக்கிறார். தோட்டமும் தண்ணீரும் எல்லாரும் சொல்வதுதான். இவர் நின்று பார்ப்பது வக்புகளை. ஹஜ்ஜுக்குப் போக முடியாதவருக்கு ஒரு வக்பு, வசதியற்ற மணப்பெண்ணுக்கு ஒன்று, சிறைப்பட்டவரை மீட்க ஒன்று, பாதை செப்பனிட ஒன்று. ஒரு சந்தில் அடிமைச் சிறுவன் ஒருவன் சீனப் பீங்கான் தட்டைக் கைதவறி உடைத்துவிடுகிறான். சுற்றி நின்றவர்கள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்பின் பொறுப்பாளரிடம் போகச் சொல்கிறார்கள். அவர் புதுத் தட்டுக்குக் காசு கொடுக்கிறார். எசமானிடம் அடி வாங்காமல் பையன் தப்புகிறான். ஊரை இப்படிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் எழுதியதை நாம் வெறும் வருடக் கணக்குக்காக மட்டும் புரட்டுவது அநியாயம்.

எனினும் இவரைத் தலையில் தூக்கி வைக்கவும் நான் வரவில்லை. விருப்பு வெறுப்புக்கு இவர் வைத்திருக்கும் அளவுகோல் பல இடங்களில் கோணலானது.

மாலி தேசத்தைப் பாருங்கள். மன்ஸா சுலைமான் பெரிய அரசர். பட்டாடையும் பொன்னும் வருமென்று இவர் காத்திருக்கிறார். அரசரின் அன்பளிப்பு வருகிறது, எழும்புங்கள் என்று ஆள் வந்து சொல்கிறது. வந்தது மூன்று ரொட்டி, பொரித்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று, ஒரு சுரைக்குடுவையில் தயிர். விழுந்து விழுந்து சிரிக்கிறார். பிறகு, மற்ற அரசர்களிடம் உங்களைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்று மன்ஸாவின் முகத்துக்கே கேட்டு, வீடும் படியும் வாங்கிக்கொள்கிறார். ஆனாலும் கடைசிவரை மன்ஸா அவருக்குக் கஞ்சன்தான். கொடை இவ்வளவு, புகழ் இவ்வளவு என்று நிறுத்துக் கொடுக்கிற வியாபாரம் இது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளணும். அந்த மக்களைப் பற்றி எழுதும்போது நல்லதையும் கெட்டதையும் பிரித்து வைக்கிறார். அநீதி குறைவு, வழிப்பயணிக்குப் பாதுகாப்பு, அங்கு இறந்துபோகும் அந்நியரின் சொத்தில் கை வைக்காத நேர்மை, வெள்ளிக்கிழமை வெள்ளை உடை, குர்ஆன் மனனத்தில் பிடிவாதம். அதே கையால் பெண்களின் உடை பற்றியும் செத்ததை உண்பது பற்றியும் குறை. மூன்று ரொட்டியின் கோபம் அந்த முதற் பட்டியலை அழிக்கவில்லை.

மாலைதீவு இன்னும் சிக்கல். சனங்கள் பயபக்தியுள்ளவர்கள், சுத்தமானவர்கள், சண்டை தெரியாதவர்கள் என்று மனம் நிறைந்து சொல்கிறார். எமது வீட்டுச் சமையலில் இன்றும் விழுகிற மாசியை அப்போதே ருசித்துப் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார். அரச குடும்பத்தோடு சம்பந்தம் செய்து, நான்கு பெண்களை மணந்து, காதியாகவும் ஆகிறார். அதோடு தொடங்குகிறது தொல்லை. ஜும்ஆவுக்கு வராதவருக்கு அடி. பெண்கள் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் திரிவதை நிறுத்தக் கட்டளை போடுகிறார், முடியவில்லை. தன் வழக்குமன்றத்துக்குள் அப்படி வரக்கூடாதென்று தடுக்க மட்டும்தான் முடிந்தது. களவுக்குக் கை வெட்டத் தீர்ப்புச் சொன்னபோது மண்டபத்தில் இருந்த சிலர் மயங்கி விழுந்தார்களாம். இதை அவர் எழுதும் தொனியில் ஓர் ஏளனம் இருக்கிறது. எனக்கோ மயங்கி விழுந்தவர்கள் மீதுதான் பிரியம் வருகிறது. அந்தத் தீவில் இஸ்லாம் வந்து ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகியிருந்தது. அவர்களுக்கென்று ஒரு நடைமுறையும் இரக்கமும் இருந்தன. தன் ஊரில் ஓதியதுபோல் இல்லாததெல்லாம் குறைபாடு என்று காதியார் முடிவு செய்துவிட்டார். வெளியே போய்ப் படித்துவிட்டு வந்து உள்ளூர்ச் சனத்தைத் திருத்தப் புறப்படுகிறவர்கள் எமது ஊர்களிலும் உண்டு. இந்த அத்தியாயத்தை நாம் மேற்கோள் காட்டாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வசீரோடு முறுகி, மனைவியரைத் தலாக் சொல்லிவிட்டு வெளியேறுகிறார். போகும்போதே மஃபரிலிருந்து படை கொண்டுவரும் யோசனையும் மனதில் இருந்தது. மஃபர் என்பது அன்றைய மதுரை சுல்தானகம். பிடிக்காமல் போன ஊரைப் பிடித்தெடுக்கலாம் என்ற நினைப்பு. அந்தக் கப்பல்தான் 1344இல் இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு நிமிடம் சீனாவையும் நினைவில் வையுங்கள். சில வருடம் கழித்து அங்கு போனவர், உலகத்திலேயே பயணிக்குப் பாதுகாப்பான நாடு அதுதான் என்று எழுதுகிறார். பீங்கானையும் காகிதப் பணத்தையும் சத்திரங்களில் பெயர் பதிந்து ஆளை ஒப்புக்கொடுக்கும் ஒழுங்கையும் வியக்கிறார். பிறகு, இவ்வளவு இருந்தும் அந்த நாடு தனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். குஃப்ரைக் கண்டு மனம் கனத்து, தேவைக்கன்றி வெளியே இறங்குவதில்லை. ஒரு முஸ்லிமைக் கண்டால் சொந்தக்காரரைக் கண்டதுபோல. தூனிஸில் அழுத அதே பிள்ளை.

அப்படியானால் இலங்கையும் பிடித்திருக்கக் கூடாது. இங்கும் அரசர்கள் முஸ்லிம்களல்லர். கடலில் கொள்ளையிடும் அரசனின் துறை இது, இறங்க வேண்டாமென்று கப்பற்காரர் பயந்திருக்கிறார்கள். காற்றுக்கு வேறு வழியில்லாமல் பத்தாலாவில் இறங்குகிறார். அது எமது புத்தளம் என்பது பொதுவான கொள்கை. தான் மஃபர் சுல்தானின் உறவினர் என்று சொல்லித்தான் கரையேறுகிறார். அங்கே ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்குகிறது. இவரின் கதைகளை விருப்பத்தோடு கேட்கிறார், முத்துகளை அள்ளிக் கொடுக்கிறார், வேண்டியதைக் கேளும் என்கிறார். இப்னு பதூதா கேட்டது ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வழி. பல்லக்கும், வருடாவருடம் மலைக்குப் போகும் நான்கு யோகிகளும், மூன்று பிராமணரும், அரசரின் ஆட்கள் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கிடைக்கிறார்கள். ஒரு மாலிக்கி மத்ஹபு காதியை யோகிகளும் பிராமணரும் கூட்டிக்கொண்டு பாவாத மலைக்கு ஏறுகிறார்கள். சீனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மனுசன் இங்கு அட்டைக் கடிக்கு எலுமிச்சம்புளி பிழிந்துகொண்டு, சங்கிலிகளைப் பிடித்து மேலே போகிறார். கடைசிச் சங்கிலிக்குப் பெயரே ஷஹாதாச் சங்கிலி. கீழே பார்த்தால் தலை சுற்றிக் கலிமா வாய்க்கு வந்துவிடுமாம்.

வழியில் குனகார் என்ற நகரம். குருநாகலா, கம்பளையா என்று இன்னும் பிணக்கு ஓய்ந்தபாடில்லை. நகருக்கு வெளியே ஷெய்க் உஸ்மான் என்ற ஷீராஸ்காரரின் பள்ளிவாசல். அரசனும் ஊர் மக்களும் அவரைப் போய்ச் சந்தித்து மரியாதை செய்கிறார்கள். மலைக்கு வழிகாட்டியும் அவர்தான். ஆனால் அவர் ஒரு மாட்டை அறுத்துவிட்டார். அதற்குத் தண்டனை மரணம். அவர்மீது வைத்த மதிப்பினால் உயிரை விட்டு ஒரு கையையும் ஒரு காலையும் வெட்டுகிறார்கள்; ஒரு சந்தையின் வரி வருமானத்தையும் அவருக்கே எழுதிக் கொடுக்கிறார்கள். பிறகு வழிகாட்டும் வேலையை அவரது மக்களும் அடிமைகளும் செய்கிறார்கள்.

எமது மலர்களில் இந்தப் பகுதி ஏன் வருவதில்லை? 500 அபிசீனியரைவிட இது எவ்வளவோ கனமான சாட்சியம். கொழும்பு வசனத்தை நிதானமாகப் பாருங்கள். ஜாலஸ்தி முஸ்லிமா என்று இப்னு பதூதா சொல்லவேயில்லை. அந்த அபிசீனியர் வியாபாரிகளுமல்லர், கடலதிகாரியின் ஆட்கள். அதன்மேல் நாம் மாளிகை கட்டுகிறோம். குனகாரிலோ பள்ளிவாசல் இருக்கிறது, பெயருள்ள ஒரு முஸ்லிம் இருக்கிறார், தலைமுறை இருக்கிறது, அரசனோடு உறவு இருக்கிறது, அந்த உறவுக்கு எல்லை எங்கே என்பதும் இரத்தத்தோடு எழுதியிருக்கிறது. மாடறுப்பு என்ற சொல் வந்தவுடன் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம் என்றுதான் நினைக்கிறேன். ஒற்றுமைக் கூட்டத்தில் வாசிக்க இது உதவாது. பகைமை பேசுகிறவருக்கும் உதவாது, ஏனெனில் வெட்டியவர்களே வருமானமும் கொடுத்து மரியாதையும் செய்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் உதவாத சாட்சியம் பெரும்பாலும் உண்மைக்குக் கிட்ட இருக்கும். அந்த நாட்டு மக்கள் முஸ்லிம்களைத் தம் வீட்டுக்குள் எடுத்து உணவளிப்பதையும், இந்தியாவில் தான் கண்டதற்கு இது மாறானது என்பதையும் அவர் கூடவே சொல்கிறார். காலியில் இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பற்தலைவர் விருந்து வைத்ததையும் ஒரு வரியில் சொல்லிப் போகிறார்.

கொடை கிடைத்ததால்தான் இந்தப் புகழ்ச்சி, மாலியின் மறுபக்கம் இது, என்று ஒருவர் கேட்கலாம். நானும் அப்படித்தான் சந்தேகித்தேன். அதற்கான பதில் அடுத்த அத்தியாயங்களில் கிடக்கிறது.

இங்கிருந்து போன கப்பல் மஃபர் கரையில் உடைகிறது. தப்பிப் பிழைத்து சுல்தான் கியாஸுத்தீன் தாமகானியின் பாளையத்துக்குப் போகிறார். சுல்தான் முஸ்லிம். அதோடு சகலன், அக்கா தங்கைகளை முடித்தவர்கள். உபசாரத்துக்குக் குறைவில்லை, மாலைதீவுப் படையெடுப்புக்கும் அவர் சம்மதம். அந்தச் சகலனைப் பற்றித்தான் ரிஹ்லாவின் மிகக் கடுமையான பக்கங்களில் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. சாப்பாட்டு நேரம், ஒரு பக்கம் காதி, மறுபக்கம் இவர். ஓர் இந்துவையும் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொண்டுவந்து அங்கேயே தலை வெட்டச் சொல்கிறார் சுல்தான். இவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எழும்பும்போது தலைகள் நிலத்தில் கிடக்கின்றன. பெண்களையும் பிள்ளைகளையும் கொல்லும் இந்த வேலையை வேறெந்த அரசனிடமும் தான் அறிந்ததில்லை, அதனால்தான் அல்லாஹ் அவனுக்கு மௌத்தை விரைவுபடுத்தினான் என்கிறார்.

அந்த நேரத்தில் அவர் வாய் திறக்கவில்லை, படை வேண்டியிருந்தது. சுல்தான் இறந்து வருடங்கள் சென்ற பிறகு, பத்திரமாக ஃபாஸ் நகரில் இருந்துகொண்டு சொன்னது இது. அந்தக் கோழைத்தனத்தை மறைக்க முடியாது. போகுமிடமெங்கும் அடிமைப் பெண்களை வாங்கியும் பரிசாகப் பெற்றும் சென்றவர் என்பதையும், மாலைதீவில் விட்டுவந்த மகனை இரண்டு வயதில் ஒருமுறை பார்த்துவிட்டுத் தாயோடு விட்டுத் திரும்பினார் என்பதையும் மறைக்க முடியாது. ஆனால் எழுதும்போது எழுதினார். தன் மார்க்கத்தவன், தன் உறவினன், தன்னை உபசரித்தவன் என்ற மூன்று கடனும் அந்தப் பக்கத்தைத் தடுக்கவில்லை.

மதுரையை விட்டு மலையாளக் கரைக்குப் போய் ஹோனாவர் பக்கம் கப்பலேறியபோது பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொள்கின்றன. எல்லாம் போகிறது. இலங்கை அரசன் தந்த முத்தும் மாணிக்கமும் அதில் போகின்றன. காற்சட்டையோடு கரையில் நிற்கிறார். பத்து வருடம் கழித்து ஃபாஸில் உட்கார்ந்து இலங்கையைப் பற்றிச் சொல்லும்போது கையில் ஒரு முத்துக்கூட இல்லை. ஆரியச் சக்கரவர்த்தியைப் புகழ்ந்து அபூ இனானிடம் ஆகவேண்டிய காரியமும் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் பல்லக்கையும் யோகிகளையும் ஆள் எண்ணிக்கை தவறாமல் சொல்கிறார்.

உறவுக்காரனைக் குற்றம் சொல்லி, காஃபிர் அரசனை நன்றியோடு நினைத்த இந்த இரண்டு சாட்சியமும் ஒரே வருடத்துப் பயணத்தில், பக்கத்துப் பக்கத்து அத்தியாயங்களில் இருக்கின்றன. நாம் ஒன்றின் வாலை மட்டும் வெட்டியெடுத்து மலரில் ஒட்டுகிறோம்.

நண்பரின் பிரதிக்கு அணிந்துரை எழுதிக் கொடுத்தேன். எட்டுப் பேர் அறையையும் கோபுர நிழலையும் சேர்த்தால் மட்டும் அதை அச்சிடச் சொன்னேன். "நீங்க சும்மா ஆளைப் பிரச்சினையில மாட்டுறீங்க" என்றார். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, கோபுரத்தைச் சேர்த்துவிட்டதாகவும் அறையைப் பற்றி இன்னும் யோசிப்பதாகவும் சொன்னார். குழுத் தலைவர் அவருக்குத் தூரத்துச் சொந்தமாம்.